முந்நூறு ஓம் ஹெட்போன்

அன்புச்செல்விக்குத் தன் காதின் மேல் சந்தேகம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. கண் மங்கினால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். நாற்பத்தொரு வயதில் காது மந்தம் என்று சொன்னால் மறுநாளே சொந்தபந்தமெல்லாம் கத்திப் பேச ஆரம்பித்துவிடும்.

அவள் பிழைப்பே காதில்தான் இருந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிவைக்கிற குறிப்புகளை முன்பெல்லாம் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பாள். இப்போது கம்ப்யூட்டரே ஒரு மாதிரி அடித்துக் கொடுத்துவிடுகிறது. அது எங்கெல்லாம் கோட்டை விட்டிருக்கிறது என்று ஒலியைக் கேட்டுத் திருத்துவதுதான் இப்போதைய வேலை. திருச்செங்கோட்டில் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடி பதினோரு வருடமாக இதைச் செய்கிறாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கவேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. போன இரண்டு மாதமும் தொண்ணூற்றாறுதான். இந்த மாதமும் அப்படியே இருந்தால் வேலை கிடையாது என்று மேலாளர் போனில் சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "எதுக்கும் ஒருதடவை காதை டெஸ்ட் பண்ணிக்கங்க மேடம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவளிடம் இருந்தது உயர்ந்த ஹெட்போன். இரண்டு மாதத்துக்கு முன்பு பழையது முறிந்துபோனதும், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் தனப்பிரியா முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. காதை முழுசாக மூடிக்கொள்ளும் பெரிய சாதனம், இரண்டு பக்கமும் வெளிப்புறத்தில் சல்லடைக் கம்பி. இதைப் பற்றி எழுதிய அத்தனை பேரும் தலைமேல் தூக்கிவைத்து ஆடியிருந்தார்கள். ஆனால் லேப்டாப்பில் சொருகி ஒலியை முழுக்க ஏற்றினாலும் டாக்டர்கள் பக்கத்து வீட்டிலிருந்து பேசினார்கள். அடியில் சர்ரென்று ஓர் இரைச்சல் வேறு; மவுஸை நகர்த்தினால் அதுவும் கிர்ரென்று கேட்டது. உலகமே மெச்சுகிற ஹெட்போன் நமக்கு மட்டும் மங்கலாகக் கேட்டால் கோளாறு எதில் இருக்கும் என்று அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். முதல் சம்பளத்தில் வாங்கியதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

கடைசியில் பட்டும்படாமலும் சொன்னபோது தனப்பிரியா சிரித்துவிட்டாள். "அம்மா, அது முந்நூறு ஓம் ஹெட்போன். லேப்டாப் ஓட்டைல குத்துனா இழுக்காதும்மா. தனியா ஆம்ப்ளிஃபயரும் கன்வர்ட்டரும் வாங்கோணும்."

அன்புச்செல்விக்கு நெஞ்சில் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி அப்படியே நின்றது. பெட்டி வாங்கி மாட்டியபிறகும் மங்கலாகவே கேட்டால்? அதற்கப்புறம் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

கணவன் மதியழகனிடம், "ஹெட்போனுக்கு ஒரு பெட்டி வாங்கோணுமுங்க" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பதினெட்டு வருடம் போர்வெல் லாரியோடு மகாராஷ்டிரம், சத்தீஸ்கர் என்று சுற்றி, டிரில்லராக இருந்து, நான்கு வருடத்துக்கு முன்பு ஊர் திரும்பி போர் போடும் ரிக் வண்டிகளுக்கான ஓர் உதிரிப்பாகக் கடையில் உட்கார்ந்திருப்பவன். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் மூடியைக் கழற்றிப் பார்க்கவேண்டும் அவனுக்கு. பூமிக்குள் அறுநூறு அடியில் பாறையை உடைக்கும் ஹேமர் அடிக்கிற சத்தத்தை வைத்தே கீழே இருப்பது கருங்கல்லா, வெடிப்பா, தண்ணீரா என்று சொல்லுவான் என்று ரிக்காரர்களிடம் அவனுக்குப் பெயர் உண்டு. வீட்டில் நல்ல காது தன்னுடையதுதான் என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அவளுக்கும் கிடையாது. "நானும் வாரேன். கேட்டு வாங்கற சாமானத்த நீ தனியாப் போயி வாங்குனீன்னா தலையில கட்டீருவாங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலம் போய், அங்கிருந்து ஏற்காடு மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு ஆட்டோ பிடித்தார்கள். சரிதா என்ற பெண் அங்கே தன் வீட்டின் முன்னறையிலேயே இந்தச் சாமான்களை வைத்து விற்கிறாள் என்று தனப்பிரியா கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். முப்பது வயதிருக்கும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கேட்டுப் பார்க்காமல் யாருக்கும் எதையும் விற்பதில்லை என்று ஒரு பிடிவாதம். அறையில் மின்விசிறிகூட ஓடவில்லை. அதன் சத்தம் ஆகாதாம்.

மேசையில் மூன்று சாமான்கள் இருந்தன. ஒன்று விரல் நீளத்தில், பென்டிரைவ் மாதிரி. இரண்டாவது சின்ன டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மூன்றாவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கனத்த பெட்டிகள், முகப்பில் பளபளவென்று பெரிய திருகு. மதியழகனின் கை யாரும் கேட்காமலே மூன்றாவதின் திருகுக்குப் போய்விட்டது.

"கன்வர்ட்டர்னா என்னங்க? எதை எதா மாத்துது?" என்று கேட்டான்.

"லேப்டாப்புக்குள்ள பாட்டு, பேச்சு எதுவுமே இல்லீங்ணா, வெறும் நம்பர்தான் இருக்கு" என்றாள் சரிதா. "அந்த நம்பரைக் கரண்ட்டா மாத்துறது கன்வர்ட்டர். மாத்துன கரண்ட்டுக்குத் தெம்பு குடுக்கிறது ஆம்ப்ளிஃபயர். லேப்டாப்லயும் ரெண்டுமே இருக்குதுங்க. ஆனா ஃபேனு, சார்ஜர், மவுஸு எல்லாம் நெருக்கியடிச்சுக் கெடக்குற எடத்துல ஒரு மூலையில ஒக்கார வெச்சிருக்காங்க. அதுங்க போடுற சத்தமெல்லாம் இதுல ஏறிக்கும். வெளிய தனியா எடுத்து வெச்சா சுத்தமாயிரும்."

"அந்தச் சர்ருனு கேக்குறது?" என்று அன்புச்செல்வி அவசரமாகக் கேட்டாள்.

"அதேதாங்க்கா."

இன்னும் கொஞ்சம் பாரம் இறங்கியது. அதற்குள் மதியழகன் அடுத்த கேள்விக்குப் போயிருந்தான். "முந்நூறு ஓம்னா?"

சரிதா எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். "கரண்ட்ட உள்ள உடாம எதுத்து நிக்குற அளவுங்ணா. முப்பது ஓம் ஹெட்போன் லேசா உட்டுரும். அதுக்கு நெறையக் கரண்ட் ஓடோணும். முந்நூறு உடாது. அழுத்தித் தள்ளோணும். வோல்ட் வேணும்."

மதியழகன் தொடையில் தட்டினான். "அட, இது நம்ம காத்தடிக்கற கம்ப்ரசர், சாமி! அகலமான போர் போட்டா காத்து நெறைய வேணும், அப்பத்தான் மண்ணு மேல வரும். ஆழமான போர், கருங்கல்லுன்னா காத்து கம்மியா இருந்தாலும் போதும், பிரசர் வேணும். ரெண்டும் வேற வேற. பல பேருக்கு இது புரியாது. பெரிய கம்ப்ரசர்னு வாங்கியாந்துருவான், பிரசர் இல்லாம எரநூறு அடியில நின்னுக்கும்."

"முந்நூறு ஓம் ஆழமான போருங்ணா" என்றாள் சரிதா. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாலு வருசமா வாரவங்களுக்கெல்லாம் தண்ணிக் குழாய வெச்சுச் சொல்லிட்டிருந்தேன். இனிமே கம்ப்ரசர்தான்."

அன்புச்செல்விக்குக் கணவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வீட்டில் கேட்ட கேள்விக்குப் பாதி நேரம் பதில் வராது இந்த மனிதனிடமிருந்து. இங்கே என்னடாவென்றால் ஒரு படித்த பெண்ணுக்குப் பாடம் நடத்துகிறான்.

ஆனால் பெருமை நீடிக்கவில்லை. "அப்ப இந்தப் பெரிசுதான் சரி. ஆயிரம் அடி போற வண்டிய எரநூறு அடிக்கும் ஓட்டலாம், எரநூறு அடி வண்டிய ஆயிரத்துக்கு ஓட்ட முடியாதல்லொ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர்க்காரன் வேறென்ன சொல்வான். திருச்செங்கோட்டில் பெரிய கம்ப்ரசர் வாங்கிக் கெட்டுப்போனவனைவிடச் சின்னது வாங்கிப் பாதி ஆழத்தில் நின்றுபோனவனைத்தான் இளப்பமாகப் பேசுவார்கள்.

சரிதா மறுக்கவில்லை. ஒரு துண்டை எடுத்து மூன்று சாமான்களையும் மூடினாள். "அக்கா கேக்கட்டுமுங்ணா. எது எதுன்னு தெரியாமக் கேக்கோணும். சத்தமும் மூணுலயும் ஒரே அளவுக்கு மீட்டர் வெச்சு நிறுத்திப்புடுவேன். ஒண்ணு கொஞ்சம் எச்சா இருந்தாக்கூட நம்ம மனசு அதுதான் ஒசத்தின்னு சொல்லீரும்."

நோயாளிகளின் ஒலிப்பதிவை வெளியே கொண்டுவரக் கூடாது. அதனால் அன்புச்செல்வி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்குக் கொடுத்த பதிவைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு வயதான டாக்டர், யாரோ ஒரு கற்பனை நோயாளியின் முழங்காலைப் பற்றி நாலு நிமிடம் பேசுவார். நூறு தடவையாவது கேட்டிருப்பாள். எங்கே இருமுவார் என்பதுகூட மனப்பாடம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சரிதா பதிவைத் தட்டிவிட்டாள்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகுதான், கேட்காமல் போனது இரைச்சல் என்று புரிந்தது. அந்தச் சுத்தமான அமைதிக்குள் டாக்டர் மூச்சை இழுத்தார். இத்தனை வருடத்தில் அவர் மூச்சு விட்டு அவள் கேட்டதில்லை. பேச ஆரம்பித்தார்; எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. தாளைப் புரட்டினார். பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பின்னால் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது! இரண்டாவது நிமிடத்தில் கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ ஒரு பெண் நடந்து போனாள். குதி உயர்ந்த செருப்பு. முழங்காலைப் பற்றிய பேச்சில் அன்புச்செல்விக்குக் கண் கலங்கியது. சரிதாவுக்கு அது புதிதல்ல போலிருக்கிறது. பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரிதா பெட்டியை மாற்றி மாற்றிப் போட, அன்புச்செல்வி ஒன்பது தடவை கேட்டாள். துண்டுக்கடியில் எது இருக்கிறதென்று தெரியாமலே ஒன்றை மட்டும் அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது. டாக்டர் குரலை உயர்த்துகிற இடத்தில் அது கொஞ்சம் மூச்சுத் திணறியது. விரல் நீளச் சாமான் அது. மற்ற இரண்டும் எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றாகவே இருந்தன.

"எனக்கும் அப்படித்தாங்க்கா, வித்தியாசம் தெரியாது" என்று சரிதா துண்டை எடுத்தாள். "டிபன் டப்பா போதும். இந்த ஹெட்போனுக்கு வேண்டிய பிரசர் அதுலயே இருக்கு. பெரிசு பாக்க அழகு, அவ்வளவுதான்."

மதியழகன் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கிட்டக் குடு, நாங் கேக்கறேன்." பெரிய பெட்டியில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திருகைத் திருப்பினான். இன்னும் திருப்பினான். பிறகு முகம் மலர்ந்து தலையாட்டினான். "பாத்தயா, இப்பத்தான் பேச்சு வருது. இது வேற ரகம். நீயே கேளு."

அன்புச்செல்வி வாங்கி மாட்டினாள். டாக்டர் மண்டைக்குள் புகுந்து கத்தினார். வீலென்று ஒரு சத்தம் போட்டு ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டாள். "ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? காதே கிழிஞ்சு போயிருக்கும்! ஏற்கெனவே என்ற காதுக்கு என்னாச்சோ ஏதாச்சோன்னு ரெண்டு மாசமாத் தூக்கமில்லாமக் கெடக்கறேன்..."

வாய் தவறி வந்துவிட்டது. வந்தபிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது, மேலாளர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மதியழகன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டான். "ஏன் எங்கிட்டச் சொல்லுல?" என்றான். இவனிடம் எதையும் சொல்வதை அவள் விட்டு வெகுநாளாயிற்று. முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பாத மனிதனிடம் என்னத்தைச் சொல்வது. தன் மதிப்பு அவ்வளவுதான் என்று சமையலறையிலேயே பேசி, சமையலறையிலேயே முடித்துக்கொள்வாள். மூக்குச் சிவக்கக் கோபித்துக்கொண்டதெல்லாம் கல்யாணமான புதிதில்.

"அக்கா, ஒரு சமாசாரம் பாக்கலாமா?" என்றாள் சரிதா. "டாக்டரு டெஸ்ட் மாதிரியெல்லாம் இல்லீங்க. ஹெட்போன் சரியா இருக்கான்னு பாக்க நான் ஒரு சத்தம் வெச்சிருக்கேன். ஒரே கோடா, கீழிருந்து மேல ஏறிக்கிட்டே போகும். எங்க நின்னுருச்சுன்னு தோணுதோ அங்க கையத் தூக்குங்க."

டிபன் டப்பாவில் மாட்டினார்கள். அடிவயிற்றில் உறுமலாகத் தொடங்கியது, மெல்லமெல்ல மேலேறி, விசிலாகி, கம்பியாகி, நூலாகி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இழையாகி நின்றது. கையைத் தூக்கினாள். திரையில் பதின்மூவாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் என்று காட்டியது.

"இந்த வயசுக்கு இது அருமைங்க்கா. என்னோடது பதினாறாயிரம், வயசு ஏற ஏறக் கொறையும். உங்க காதுக்கு ஒண்ணுமில்ல."

அன்புச்செல்விக்கு எழுந்து குதிக்கவேண்டும்போல் இருந்தது. அப்படியே அந்த மேலாளருக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கவேண்டும்போலவும் இருந்தது. அவளுக்கு வேலை போகாது. அவளுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன லேப்டாப்பின் ஓட்டை.

"எனக்கும் போடு சாமி" என்று மதியழகன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "அறுநூறு அடிக்குக் கீழ அடிக்கறதக் கேட்ட காது. நானு எத்தனைன்னு பாக்கலாம்."

சரிதா திருகைத் தொடவில்லை, அன்புச்செல்விக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. சத்தம் தொடங்கியது. அவன் கண்ணை மூடினான். உறுமலுக்கு அவன் தலை லயித்து ஆடியது. சரிதா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம். இரண்டாயிரம். மூவாயிரத்தைத் தாண்டியதும் அவன் பளிச்சென்று கையைத் தூக்கினான்.

"நின்னுருச்சு" என்றான் கண்ணைத் திறந்து.

நிற்கவில்லை. அந்த ஹெட்போனின் சல்லடைக் கம்பி வழியாகச் சத்தம் வெளியே கசிந்துகொண்டுதான் இருந்தது. விசிறிகூட ஓடாத அந்த அறையில், அவன் இரண்டு காதிலிருந்தும் விசில் மெல்லியதாக ஏறிக்கொண்டே போனது. அன்புச்செல்விக்கு மூன்றடி தள்ளி அது தெளிவாகக் கேட்டது. அதைப் போட்டுக்கொண்டிருப்பவனுக்குக் கேட்கவில்லை.

சரிதாவின் விரல் நிறுத்துவதற்காக நகர்ந்து, நிறுத்தலாமா என்று தயங்கியது. மதியழகன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இயந்திரத்தை நம்பிப் பிழைத்தவன்தான், ஆனாலும் முகக்குறி தெரியாதவன் அல்ல.

"ஏன், இன்னும் ஓடுதா?"

இல்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். அன்புச்செல்விக்கு ஒரு கணம் அது வாய்வரை வந்தது. ஆனால் அவன் முகத்தில் பயத்தைவிடத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் அதிகமாக இருந்தது. அதை ஏமாற்ற மனம் வரவில்லை.

"ஓடுதுங்க" என்றாள்.

"இப்ப?"

"ஓடுதுங்க."

அவன் ஹெட்போனை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "இப்ப?"

தலையை மட்டும் ஆட்டினாள். திரையில் ஏழாயிரம், எட்டாயிரம் என்று போய்க்கொண்டிருந்தது. அவன் "இப்ப?" என்று கேட்பதை நிறுத்தவில்லை. அவள் தலையாட்டுவதையும் நிறுத்தவில்லை. கசிவில் அவளுக்கும் மங்கி மறைந்தபிறகுதான் "எனக்கும் நின்னுருச்சுங்க" என்றாள்.

மதியழகன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் பதமாக வைத்தான். "பதினெட்டு வருசம் கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னா" என்று தொடங்கியவன் அதை முடிக்கவில்லை. வேறொன்று கேட்டான்.

"எனக்கு நின்னதுக்கும் உனக்கு நின்னதுக்கும் நடுவுல என்னென்ன இருக்கும்?"

சரிதா ஓடிக்கொண்டிருந்த சத்தத்தை நிறுத்தினாள்.

"சில்வண்டுங்க" என்றாள் அன்புச்செல்வி. "ராத்திரியில வெளிய கெடந்து பாடும். கொலுசு இருக்கும். தூறல் விழறது, எண்ணெயில கடுகு வெடிக்கறது." எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நிறுத்தினாள். மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பாத முதுகு நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் அந்த முதுகின்மேல் எவ்வளவு கோபத்தைக் கொட்டிவைத்திருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. "அப்புறம் நான் பேசறதுல பாதிங்க. முன்னால நின்னு பேசுனா வாயப் பாத்துப் புடிச்சுக்கறீங்க. பின்னால இருந்து பேசுனா அது வாரதில்ல."

அவன் அதைக் கணக்குப் பார்ப்பதுபோல் நெற்றியைச் சுருக்கினான்.

"நாந் திரும்பாதப்ப நீ என்ன நெனச்ச?"

"உங்களுக்கு நான் ஒரு பொருட்டில்லைன்னு நெனச்சனுங்க."

மதியழகனுக்குக் கண் சிவந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "சாமி, அந்தச் சின்னப் பெட்டியவே கட்டிக் குடு" என்று சரிதாவிடம் சொன்னான். "காது டாக்டரு நல்லவரு யாராவது தெரிஞ்சா அவரு நம்பரும் குடு."

சரிதா அட்டைப்பெட்டியைத் தேடி உள்ளே போனாள். அவன் மனைவியின் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

"இத்தன வருசத்துல நீ எங்கிட்டச் சொல்லி எனக்குக் கேக்காமப் போனது என்னென்ன?" என்று கேட்டான். "மொதல்ல இருந்து சொல்லு."

அன்புச்செல்வி தன் நாற்காலியை அவனுக்கு நேர் எதிராக இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.